தெருவுக்குத் தொற்று வந்தால்: கல்லாவில் நின்று கற்றது

ராயபுரம் பக்கம் ஒரு சந்து முனையில் எனக்கு மளிகைக் கடை. சொந்த ஊர் திருச்செந்தூருக்குப் பக்கம். பட்டணத்துக்கு வந்து 26 வருடம் ஆகிறது. தெருவுக்கே நான் அண்ணாச்சி. என் பெயர் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2020-இல் ஊரடங்கு போட்டபோது திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று விட்ட கடைகளில் மளிகையும் ஒன்று. தெருவே கதவைச் சாத்திக்கொண்ட நாட்களில் எல்லாரும் ஒரு தடவையாவது வந்து நின்ற இடம் என் கல்லாவுக்கு முன்னால்தான். யார் எப்படிப் பயப்படுகிறார்கள், பயந்தால் என்ன வாங்குகிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் பயந்ததையும் அவர்கள் பார்த்திருப்பார்கள்.

ஆவடியில் புதிதாகக் கடை போட்டிருக்கிற என் தம்பி மகன், “இன்னொண்ணு வந்தா என்ன பண்றது பெரியப்பா?” என்று போன மாதம் கேட்டான். வராது என்று சொல்ல வாய் வரவில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். கடைக்காரனுக்கு மட்டும் இல்லை, தெருவில் குடியிருக்கிற யாருக்கும் ஆகும்.

முதலில் அலமாரியைப் பாருங்கள்

பயம் வருவதை டிவிக்கு முன்னால் அலமாரி சொல்லிவிடும். 2020 பிப்ரவரி கடைசியில் மெடிக்கல் ஷாப்பில் மாஸ்க் இல்லை. மார்ச் தொடக்கத்தில் என் கடையில் டெட்டால் சோப்பு போனது. சாதாரணமாக மாதத்துக்கு ஒரு பெட்டி ஓடும். அந்த வாரம் இரண்டு நாளில் தீர்ந்தது. அதே சமயத்தில் பக்கத்துக் கோழிக்கடை பாய் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கோழியால் கொரோனா வரும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நாமக்கல்லில் கோழியும் முட்டையும் விலை சரிந்து, பண்ணைக்காரர்கள் தலையில் கைவைத்தார்கள். கோழியை விட்டவர்கள் என்னிடம் வந்து மீல்மேக்கரும் துவரம்பருப்பும் கேட்டார்கள். எங்கள் வீட்டில் மூன்று வாரம் தினம் கோழிக் குழம்பு. பாய் கொடுத்த விலைக்கு வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

இப்படி ஒரு சாமான் மட்டும் திடீரென்று ஓடினால், அது ஏன் ஓடுகிறது என்று கடைக்காரரைக் கேளுங்கள். நாங்கள் சொல்வோம். உடனே நீங்களும் அதையே வாங்கக் கிளம்பாதீர்கள். 2020 மார்ச் 21-ஆம் தேதி மத்திய அரசு இரண்டு அடுக்கு மாஸ்க் 8 ரூபாய், மூன்று அடுக்கு 10 ரூபாய், 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய் என்று உச்சவிலை வைத்தது. அதற்கு முந்தின வாரம் எங்கள் பக்கத்தில் ஒரு மாஸ்க்கை 30 ரூபாய் கொடுத்து வாங்கினவர்களை எனக்குத் தெரியும். பத்து நாள் பொறுத்திருந்தால் துணி மாஸ்க்கைத் தெருவுக்குத் தெரு தைத்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எவ்வளவு வாங்கி வைப்பது? நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு 15 நாளைக்கு என் கணக்கு இது: அரிசி 12 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, உளுந்து 1 கிலோ, எண்ணெய் ஒன்றரை லிட்டர், சர்க்கரை 1 கிலோ, டீத்தூள் கால் கிலோ, உப்பு, புளி, மிளகாய்த்தூள், குளிக்கிற சோப்பு நாலு. பிள்ளைகள் இருந்தால் ரவையோ சேமியாவோ இரண்டு கிலோ. இதற்கு மேல் வாங்குவது வண்டுக்குத்தான். மார்ச்சில் 10 கிலோ ரவை வாங்கிக்கொண்டு போன ஒரு சார், மே மாதம் அதே பையோடு வந்து, “வண்டு வச்சிருக்கு அண்ணாச்சி, மாத்திக் குடுங்க” என்றார். வண்டு என் கடையில் இருந்து போனதில்லை என்று விளக்க அரை மணி நேரம் ஆனது.

அரிசி பருப்பை யாரும் மறக்கவில்லை. மறந்தது வேறு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் போடுகிற மாத்திரை. அது ஒரு மாதத்துக்குக் கையில் இருக்க வேண்டும். பெண்களுக்கு நாப்கின். கைக்குழந்தைக்கு மாவு. பிரீபெய்டு போனுக்கு ரீசார்ஜ். அப்புறம் வெற்றிலை பாக்கு. சிரிக்காதீர்கள். அந்த ஏப்ரலில் எங்கள் தெருவில் சோற்றுக்கு அலைந்தவர்களைவிட வெற்றிலைக்கு அலைந்த பாட்டிகள் அதிகம். கிடைக்காமல் ஒரு பாட்டி என் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

கூட்டத்தில் போய் நிற்காதீர்கள். கடைக்காரரும் கூட்டம் சேர்க்காதீர்கள்

2020 ஏப்ரல் 24-ஆம் தேதி அறிவிப்பு வந்தது: சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் 29 வரை நாலு நாள் முழு ஊரடங்கு, மளிகையும் கிடையாது. 25-ஆம் தேதி மட்டும் மதியம் 3 மணி வரை கடை. நான் காலை 6 மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே வரிசை சந்தைத் தாண்டி மெயின் ரோட்டில் நின்றது. ஒரு மாதம் வீட்டுக்குள் அடங்கிக் கிடந்த தெரு, அந்த ஒரு நாளில் ஒருத்தர் முதுகில் ஒருத்தர் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றது. கோயம்பேட்டில் அதைவிடக் கூட்டம்.

அறிவிப்பு வந்த நாளும் மறுநாளும் கடைக்குப் போகாதீர்கள். 15 நாள் சாமான் வீட்டில் இருந்தால் போகவே வேண்டியிருக்காது. மேலே கணக்குச் சொன்னது அதற்குத்தான். போயே ஆகவேண்டும் என்றால் மதியம் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போங்கள். அன்றைக்கும் 1 மணிக்கு மேல் என் கடையில் ஆள் குறைந்தது.

கடைக்காரனாக நான் செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, வட்டம். மூன்றடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்பில் வட்டம் போட்டேன். அழகாகத்தான் இருந்தது. ஏப்ரல் வெயிலில் யார் நிற்பார்கள்? வட்டத்துக்கு ஒரு பையை வைத்துவிட்டு எல்லாரும் எதிர் வீட்டு நிழலில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பைகள் மட்டும் இடைவெளி விட்டு ஒழுங்காக நின்றன. இன்னொன்று, அரை ஷட்டர். ஏப்ரல் 5 முதல் மதியம் 1 மணிக்குக் கடையை மூட வேண்டும் என்று ஆனது. அதற்கு மேல் வருகிறவர்களுக்குப் பாவம் பார்த்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கொடுத்தேன். அந்த இரண்டடி இடைவெளியில் நாலு தலை ஒன்றாகக் குனிந்து உள்ளே பார்த்து, “அண்ணாச்சி, ஒரு பால் பாக்கெட்” என்று கத்தும். உள்ளே காற்றுப் போக்கு இல்லை. நோயைக் கூப்பிட்டு உட்கார வைக்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

பிறகு உதவியது சீட்டு. முதல் நாள் இரவு 8 மணிக்குள் வேண்டியதை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கடைப் பையனிடம் சீட்டைக் கொடுத்துவிட வேண்டும். நானும் மனைவியும் ராத்திரியே கட்டி வைத்து நம்பர் போடுவோம். காலையில் அரை மணிக்கு அஞ்சு நம்பர் என்று கூப்பிடுவோம். தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். முதல் வாரம் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. “லைன்ல நின்னாத்தான் அண்ணாச்சி, பொருள் கிடைக்கும்னு ஒரு தைரியம்” என்றாள் ஒரு அக்கா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் வாங்க நிற்கவில்லை, தீர்ந்துவிடுமோ என்று நிற்கிறார்கள். பின்கட்டில் இருந்த மூட்டைகளை எடுத்துக் கடை முகப்பில், ரோட்டில் இருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி அடுக்கினேன். பிள்ளையின் பழைய சிலேட்டில், “துவரம்பருப்பு 4 மூட்டை இருக்கு, அரிசி 20 மூட்டை இருக்கு” என்று எழுதித் தொங்கவிட்டேன். தினம் காலையில் கணக்கை மாற்றி எழுதுவேன். மூன்றாம் நாள் வரிசை பாதியானது. கடை வைத்திருக்கிறவர்கள் இதை மறக்காதீர்கள்: சரக்கை ஒளித்து வைத்தால் கூட்டம் வரும். குறைவாக இருந்தாலும் கண்ணில் படும்படி வையுங்கள், எண்ணிக்கையைப் பொய் இல்லாமல் எழுதுங்கள்.

கையைக் கழுவுகிற கதையும் உண்டு. ரூபாய் நோட்டை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் கொடியில் காயப்போட்டேன். இடுக்கியால் சில்லறை வாங்கினேன். எதிர் வீட்டம்மா நோட்டை இஸ்திரி போட்டே கொண்டுவருவார்கள். 100 ரூபாய் சுடச்சுட இருக்கும். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். பொருளைத் தொட்டு இந்த நோய் பரவுவது அரிது, அடைத்த இடத்தில் மூச்சுக்காற்றில்தான் அதிகம் பரவுகிறது என்று பிறகு தெளிவானது. அவ்வளவு நோட்டைக் கழுவின நேரத்தில் பின்பக்க ஜன்னலைத் திறந்து வைத்து, ஒரு டேபிள் ஃபேனை வெளியே பார்க்கத் திருப்பியிருக்கலாம். இரண்டாவது அலையில் அதைத்தான் செய்தேன். கை கழுவுவது எப்போதும் நல்லது, விடாதீர்கள். ஆனால் காற்றோட்டத்துக்கு முதல் இடம்.

மாஸ்க் பற்றி ஒன்றே ஒன்று. 200 ரூபாய் அபராதம் வந்தபிறகு எல்லாரிடமும் மாஸ்க் இருந்தது, தாடையில். போலீஸ் ஜீப் திரும்பினால் மேலே ஏறும். ஒரு நாள் என் கடையில் சாமான் வாங்கி முடித்த பையன், போட்டிருந்த மாஸ்க்கைக் கழற்றி வெளியே நின்ற சிநேகிதனிடம் கொடுத்தான்; அவன் அதை மாட்டிக்கொண்டு உள்ளே வந்து, “அண்ணாச்சி, கால் கிலோ ரவை” என்றான். ஆளுக்கு ஒன்று வேண்டும் தம்பி, அது கோயிலுக்கு மாற்றிப் போகிற வேட்டி இல்லை.

வாய்ஸ் நோட் வந்தால்

2020 மார்ச் 22 மக்கள் ஊரடங்கு நினைவிருக்கும். காலை 7 முதல் இரவு 9 வரை. அதற்கு முந்தின ராத்திரி எனக்கு மூன்று பேர் ஒரே செய்தியை அனுப்பினார்கள்: வைரஸ் 12 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும், நாம் 14 மணி நேரம் வெளியே வராவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். கணக்குச் சரியாக இருப்பதுபோலத் தெரிந்ததால் நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். நோய் மனுஷனுக்குள் இருக்கும்போது கதவைச் சாத்தி என்ன? சாயந்திரம் 5 மணிக்குக் கைதட்டச் சொன்னதற்கு எங்கள் தெருவில் தாம்பாளமும் கரண்டியுமாகக் கும்பலாக ரோட்டுக்கே வந்துவிட்டார்கள். 10 மணி நேரம் அறுத்த சங்கிலியை 10 நிமிடத்தில் கோத்தாயிற்று. அடுத்த வாரம், ஹெலிகாப்டரில் மருந்து தெளிக்கப் போகிறார்கள், துணியை எடுத்து உள்ளே போடுங்கள் என்று வந்தது. கொடியில் துணி இல்லாமல் தெருவே மொட்டையாக இருந்தது. ஹெலிகாப்டர் வரவில்லை.

இப்போது நான் வைத்திருக்கிற வழக்கம் சாதாரணமானது. யாராவது போனை நீட்டினால், “இது யார் குரல்? எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி?” என்று கேட்பேன். பெரும்பாலும் பெயர் இருக்காது. இருந்தால், ‘அமெரிக்காவில் இருக்கிற ஒரு தமிழ் டாக்டர்’ என்று இருக்கும். தேதியும் இல்லை, பெயரும் இல்லை என்றால் என் போனோடு நிற்கும். ரொம்ப உறுத்தினால் அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கு அடித்துக் கேட்டுவிடுவேன். திருத்தம் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. தெரு குரூப்பில் எல்லாருக்கும் முன்னால் “இது பொய்” என்று போட்டால் அனுப்பினவர் சண்டைக்கு வருவார். தனியாகக் கூப்பிட்டு, “அண்ணே, நானும் இதை நம்பி அனுப்பினேன், தப்பாம்” என்று சொல்லுங்கள். அவரே எடுத்துவிடுவார்.

வதந்தி பரவுவதில் கேட்கிறவர் நம்பிக்கைக்கும் விற்கிறவர் லாபத்துக்கும் பங்கு இருக்கிறது. அதையும் மறைக்கக் கூடாது. 2021 ஏப்ரல், மேயில், கற்பூரமும் ஓமமும் கிராம்பும் துணியில் முடிந்து முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறும் என்று ஒரு செய்தி. கற்பூரம் அவ்வளவு விற்றதை நான் ஆடி மாதத்தில்கூடப் பார்த்ததில்லை. மூன்றையும் சேர்த்து 40 ரூபாய் பொட்டலமாகவே கட்டி வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் தெரு முனை டாக்டரம்மா மிளகு வாங்க வந்தவர் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, “இதால ஆக்சிஜன் ஏறாது அண்ணாச்சி. கற்பூரத்தை நெருக்கமா முகர்ந்தா குழந்தைங்களுக்கு ஆபத்து” என்று சொல்லிவிட்டுப் போனார். சத்தம்கூடப் போடவில்லை. பொட்டலங்களைப் பிரித்துவிட்டேன். விற்றது விற்றதுதான்.

கபசுரக் குடிநீரை மாநகராட்சியே தெருவில் வைத்துக் கொடுத்தது. நானும் குடித்தேன், கசப்பு இரண்டு நாள் நாக்கில் நின்றது. குடிக்கிறவர்கள் குடியுங்கள். குடித்துவிட்டேன் என்று மாஸ்க்கைக் கழற்றுவதும், காய்ச்சலோடு வேலைக்குப் போவதும்தான் தப்பு. பூசணிக்காய் உடைத்ததற்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்ததற்கும் அதேதான்.

பொட்டலத்துக்குப் பதிலாகத் தெருவுக்கு ஒரு ஆக்சிமீட்டர் வாங்குங்கள். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும். நாங்கள் பத்து வீடு சேர்ந்து பணம் போட்டு வாங்கி என் கடையில் வைத்தோம். அஞ்சு நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு மாட்ட வேண்டும். விரல் சில்லென்று இருக்கக் கூடாது, நகத்தில் பாலிஷ் கூடாது, எண் நிலையாக நிற்கும்வரை பொறுக்க வேண்டும். 94-க்குக் கீழே வந்தால் பேச்சுக்கே இடமில்லை, டாக்டர் அல்லது 108. வண்டி வரும்வரை குப்புறப் படுக்கவைப்பது உதவும் என்று அப்போது சுகாதாரத் துறையே சொன்னது. ஒருத்தர் வீட்டுக்குப் போய்வந்தால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு.

அதே மே மாதத்தில் ரெம்டெசிவிர் ஊசிக்காகக் கீழ்ப்பாக்கத்திலும் அப்புறம் நேரு ஸ்டேடியத்திலும் ராப்பகலாக நின்றார்கள். எங்கள் தெருவில் இருந்து மட்டும் மூன்று பேர். 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்தைப் பரிந்துரைக்க முடியாது, உயிர் காக்கும் என்பதற்குச் சான்று போதாது என்று சொல்லியிருந்தது. ஆனால் டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால், அப்பா படுத்துக் கிடக்கும்போது எந்த மகன் நிற்காமல் இருப்பான்? அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நிற்கப் போகும் முன் அந்த டாக்டரிடம், “இது இல்லாட்டி என்ன ஆகும், வேற என்ன செய்யலாம்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள், அவ்வளவுதான்.

தடுப்பூசிக்கும் இதே கதை. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி ஊசி போட்டுக்கொண்டு, 17-ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். எங்கள் பக்கம் ஊசிக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் பின்வாங்கினார்கள். அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்தியக் குழு சொன்னபோது அக்டோபர் ஆகிவிட்டது. பயந்தவர்களிடம் நான் வாதாடவில்லை. என் கையைக் காட்டி, “நான் போட்டு 12 நாள் ஆச்சு, ஒரு நாள் காய்ச்சல், கடை மூடல” என்பேன். தெரிந்த ஆள் ஒருத்தர் போட்டுக்கொண்டு எதிரில் நிற்பது பல பேருக்குப் போதுமாக இருந்தது.

புதைக்க விடமாட்டோம் என்கிற பயமும் வாய்ஸ் நோட்டில் வளர்ந்ததுதான். 2020 ஏப்ரல் 19 இரவு இந்த ஊரில் கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரின் உடலை அடக்கம் செய்யப் போனவர்களைக் கல்லாலும் கட்டையாலும் அடித்து விரட்டினார்கள். கடைசியில் சக டாக்டர் ஒருவரே மண்வெட்டி பிடித்து மண் தள்ளினார். அதற்குப் பிறகு, தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை என்று அரசு அவசரச் சட்டம் போட்டது. முறைப்படி கட்டி, ஆழக் குழி எடுத்துப் புதைத்த உடலில் இருந்து சுடுகாட்டுப் பக்கத்து வீட்டுக்கு நோய் வராது. உங்கள் தெருவில் யாராவது கல்லை எடுத்தால் இதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் போலீசைக் கூப்பிடுங்கள்.

ஒரு வீட்டுக்கு வந்துவிட்டால்

இதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

எதிர் லைன் வீட்டில் ஒரு அண்ணன், கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர். ஏப்ரல் கடைசியில் அங்கே தொற்று பரவி, மே 5-ஆம் தேதி மார்க்கெட்டையே மூடி, காய்கறியைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். அந்த வாரம் அவர் மனைவி என்னிடம் வாங்கினது: மிளகு 100 கிராம், சுக்கு, திப்பிலி, ஓமம். மறுநாள் மறுபடியும் மிளகு. “யாருக்குக்கா உடம்பு சரியில்ல?” என்றேன். “மாமியாருக்கு லேசா சளி அண்ணாச்சி” என்றாள். என் கண்ணைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆனால் மேலே கேட்கவில்லை.

அவள் ஏன் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரியும். அதற்குப் பத்து நாள் முன்னால், பின் தெருவில் ஒரு வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அன்றைக்குக் கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நான் சத்தமாகச் சொன்னேன்: “அந்தத் தெரு ஆளுங்களுக்கு இனிமே என் கடையில பொருள் கிடையாது.” நின்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த அக்கா கடைசியில் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த அண்ணன் நாலு நாள் காய்ச்சலை மறைத்தார். அந்த நாலு நாளும் அந்த வீட்டில் எல்லாரும் பொது அடிபம்பில்தான் தண்ணீர் அடித்தார்கள், பொது கக்கூசுக்குத்தான் போனார்கள். அஞ்சாம் நாள் மூச்சு வாங்கி, 108 வந்தது. எங்கள் சந்தில் மேலும் ஆறு பேருக்கு வந்தது. அதில் ஒருத்தன் என் கடைப் பையன்.

ஆம்புலன்ஸ் வந்தபோது ஜன்னல்கள் சாத்தப்பட்டன, மொட்டை மாடியில் போன்கள் எழுந்தன. அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன் வீடியோ தெரு குரூப்பில் வந்துவிட்டது. வாசலில் தகரம் அடித்தார்கள். ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதே’ என்று ஸ்டிக்கர். பிள்ளைகள் விளையாட்டில்கூட அதைக் ‘கொரோனா வீடு’ என்றார்கள். உள்ளே அந்த அக்கா, இரண்டு பிள்ளைகள், மாமியார். இரண்டு நாள் யாரும் தண்ணீர் பிடித்துக் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் என் மனைவி என்னிடம் கேட்காமல் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

எங்கள் ஊரில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதுவும் உள்ளே வராதே என்பதுதான். வெளியூர் போய்வந்தவன் அந்த வீட்டுப்படி ஏறமாட்டான், அந்த வீட்டுக்காரனும் வெளியே வரமாட்டான், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை தாளிதம் கிடையாது. ஆனால் இளநீரும் நுங்கும் வாசலுக்குத் தானாக வரும். ‘அம்மா வந்திருக்கா’ என்றுதான் சொல்வார்கள். அந்த வீட்டுக்காரர்களுக்கு மறைக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. தகரத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த வேப்பிலைக் கொத்து ஞாபகம் வந்தது.

சரி, வேலைக்கு வருவோம். தெருவில் ஒரு வீடு தனிமைக்குப் போனால் நாங்கள் இப்போது செய்வது இது. அன்றைக்கே ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். பத்துப் பேர் விசாரித்தால் யாரும் செய்யமாட்டார்கள். அவர் தினம் ஒரே நேரத்தில் போன் செய்வார். காலை 7 மணி என்றால் 7 மணி. போனில், “எப்படி வந்துச்சு? எங்க போயிருந்தீங்க?” என்று கேட்கவே கூடாது. “பால் எத்தனை பாக்கெட்?” என்று ஆரம்பிக்க வேண்டும். பால், தண்ணீர், மாத்திரை, கேஸ், குப்பை, இந்த அஞ்சையும் வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் காய்ச்சல் எவ்வளவு, மூச்சு எப்படி என்று கேட்க வேண்டும்.

வாசலில் ஒரு ஸ்டூல் போடுங்கள். சாமானை அதில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று குரல் கொடுங்கள். ஓடிவிடாதீர்கள், அவர்கள் வந்து எடுக்கும்வரை நின்று ஒரு வார்த்தை பேசுங்கள். மாடி வீடாக இருந்தால் கயிறும் வாளியும் போதும். தண்ணீர் குடம்தான் எங்கள் பக்கத்தில் பெரிய பாடு. அந்த வீட்டுக் குடத்தை வாசலில் வைக்கச் சொல்லி, நம் குடத்தில் இருந்து அதில் ஊற்றிவிடலாம். பொதுக் கக்கூஸ் உள்ள லைன் வீடு என்றால், ஒன்றை அவர்களுக்கு என்று ஒதுக்குங்கள். முடியாவிட்டால் அவர்களுக்குக் கடைசி நேரம் கொடுத்து, பிறகு ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, கதவை ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். குப்பையைத் தனிப் பையில் கட்டி, எடுக்க வருகிறவரிடம் சொல்லிக் கொடுங்கள். அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு.

காசு பற்றிப் பேசாதீர்கள். நான் தனி நோட்டு ஒன்று போட்டேன். தனிமையில் இருக்கிற வீடு என்றால் அதில் எழுதுவேன், திரும்பி வந்து வேலைக்குப் போய் ஒரு மாதம் ஆகும்வரை கேட்கமாட்டேன். 2020 ஜூனில் அதில் 23 வீடு இருந்தது. இரண்டு வீடு பாக்கி. ஒன்று காலிசெய்து ஊருக்குப் போய்விட்டது. இன்னொன்றில் கேட்க ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து 14-ஆம் நாள் அந்தக் கோயம்பேட்டு அண்ணன் திரும்பி வந்தார். பாதி ஆளாகியிருந்தார். மறுநாள் காலை கடைக்கு வந்தவர், வட்டத்துக்கும் பின்னால், ரோட்டு ஓரத்தில் நின்றார். கடையில் நாலு பேர் இருந்தார்கள், பேச்சு நின்றுபோனது. “பொருளைக் கீழ வச்சுடுங்க அண்ணாச்சி, நான் அப்புறமா எடுத்துக்கறேன்” என்றார். டீத்தூளும் அரைக் கிலோ சர்க்கரையும்.

நான் கல்லாவை விட்டு இறங்கிப் போய்ப் பையை அவர் கையில் கொடுத்தேன். “அன்னைக்கு நான் பேசினது தப்பு” என்றேன். எந்த அன்னைக்கு என்று அவர் கேட்கவில்லை. 100 ரூபாயை நீட்டினார். வாங்கி, மீதியைக் கையில் வைத்தேன். எப்போதும்போல இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, “ரெண்டு ரூபா கம்மி அண்ணாச்சி” என்றார்.